15 லட்சம் கியாட் சிம்மும் 1,500 கியாட் சிம்மும்: நெட்டு ஒரு ஊருக்கு எப்படி வந்து சேருது

மெட்ராஸ் வியாசர்பாடில எனக்கு ஒரு தம்பி முறை பையன் இருக்கான், எங்க பாட்டியோட தங்கச்சி பேரன், 1960கள்ல இங்க பர்மாவுல இருந்து கப்பலேறிப் போன குடும்பம். போன மாசம் வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு கேட்டான், "அண்ணே, உங்க பர்மாவுல நெட்டு எப்பண்ணே வந்துச்சு, எங்களுக்கு முன்னாடியா பின்னாடியா?" ஒரு வருஷத்தச் சொல்லிட்டுப் போயிடலாம்னு வாயத் தொறந்தேன், எந்த வருஷத்தச் சொல்றதுன்னு தெரியல. கடலுக்கடில கேபிள் வந்த 1999-ஐச் சொல்லவா, சிம் விலை விழுந்த 2014-ஐச் சொல்லவா, எங்க பெரியம்மா முதல் தடவையா போன்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புன வருஷத்தச் சொல்லவா? யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே படம் நின்னு போச்சு, லைன் மகௌங்பூ. லைன் சரியில்லன்னு அர்த்தம், இங்க நாங்க தமிழ் பேசும்போதும் அது மட்டும் பர்மிய பாஷையிலதான் வரும். சரி, எழுதியே அனுப்பிடலாம்னு உக்காந்தேன், நீளமாயிருச்சு, அவன மாதிரி கேள்வி இருக்கிறவங்க வேற யாராவது இருந்தா படிக்கட்டுமேன்னு பொதுவாவே எழுதிட்டேன்.

முதல்ல இந்த பிராட்பேண்ட்ங்கிற வார்த்தை. நெட்டு வேற, பிராட்பேண்ட் வேறன்னு யாரும் பிரிச்சுப் பாக்குறதில்ல இப்போ. ஆனா கணக்கெடுக்கிறவங்க பிரிப்பாங்க. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்னு ஒண்ணு இருக்கு, ஐநா அமைப்பு, ஜெனீவாவுல. அவங்க புள்ளிவிவரத்துல செகண்டுக்கு 256 கிலோபிட் வேகமோ அதுக்கு மேலயோ இருந்தா பிராட்பேண்ட், அதுக்குக் கீழ இருந்தா இல்ல. இந்த 256 எல்லாம் இன்னிக்கு சிரிப்புத்தான், அமெரிக்காவுல 2024-ல இருந்து 100 மெகாபிட் இல்லன்னா பிராட்பேண்ட்னு கணக்குல சேர்க்கிறதில்ல. வேகம் சொல்லும்போது பிட், ஃபைல் அளவு சொல்லும்போது பைட், 8 பிட் சேர்ந்தாத்தான் 1 பைட், இதத் தெரிஞ்சுக்கிட்டா கம்பெனிக்காரன் விளம்பரத்துல பாதி புரிஞ்சிரும். 5 மெகாபைட் பாட்டு ஒண்ணு டவுன்லோட் பண்றோம்னு வைங்க, அது 40 மெகாபிட். பழைய டயல்அப் மோடம், அந்த கீய்ய்ங்னு கத்துமே, அது 56 கிலோபிட், அதுல ஒரு பாட்டுக்கு 12 நிமிஷம் ஆகும். 256-ல ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. 10 மெகாபிட்ல 4 செகண்ட். 12 நிமிஷத்துக்கும் 4 செகண்டுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் அவசரம் இல்ல, 12 நிமிஷம் ஆகும்னா அந்த வேலைய யாரும் ஆரம்பிக்கவே மாட்டாங்க, அதான் விஷயம்.

ரங்கூன்ல 2000கள்ல நெட்டுன்னா அது கடைல தான். மணிக்கணக்குல காசு கட்டி உக்காரணும், கண்ணாடிக் கதவு, ஒரு சத்தம் போடுற ஏசி, அதுக்கு வெளில ஒரு ஜெனரேட்டர். அரசாங்கம் தடுத்து வச்சதால பாதி சைட்டு திறக்காது, மெயில் சைட்டே திறக்காது. கடைல வேலை பாக்குற பையன் தான் அங்க சாமி, அவனுக்கு எந்த ப்ராக்ஸி (தடையச் சுத்திப் போற குறுக்கு வழி) இன்னிக்கு வேலை செய்யுதுன்னு தெரியும், தோள் மேல எட்டிப் பாத்து டைப் அடிச்சுட்டுப் போவான், கூகுளோட அரட்டை, ஜிடாக், திறந்துரும். சிங்கப்பூர்ல வேலைக்குப் போன அண்ணன்மாரோட பேச வரிசைல காத்திருப்போம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரொம்பப் பேருக்கு ஒரு நினைப்பு இருக்கு, நெட்டு வானத்துல இருந்து வருது, சாட்டிலைட்ல இருந்து டவருக்கு, டவர்ல இருந்து போனுக்குன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். உண்மைல கண்டத்துக்குக் கண்டம் போற டேட்டாவுல 95 சதவீதத்துக்கு மேல கடலுக்கடில கிடக்கிற கேபிள்ல தான் போகுது. தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாய் தடிமன் தான் அந்த கேபிள், உள்ள மயிர் மாதிரி கண்ணாடி இழைங்க, அதுல வெளிச்சம் ஓடுது, அவ்வளவுதான். பர்மாவுக்கு வந்த முதல் பெரிய கேபிள் சீ-மீ-வி 3, ஜெர்மனில ஆரம்பிச்சு ஜப்பான் ஆஸ்திரேலியா வரைக்கும் போன 39,000 கிலோமீட்டர் சமாச்சாரம், அதுல ஒரு கிளை 1999 வாக்குல ஐராவதி டெல்டாவுல பியாபோன்ங்கிற ஊர்ல கரையேறுச்சு. ரொம்ப காலத்துக்கு கடல் வழியா நாட்டுக்கு இருந்தது அது ஒண்ணுதான். ஒரே வழி இருக்கிற ஊருக்கு என்ன ஆகும்? கேபிள் எங்கயாச்சும் அறுந்தா நாடே நத்தை மாதிரி ஆயிரும். 2013-ல அப்படி ஆச்சு, கேபிள்ல கோளாறு, சரி பண்ற வரைக்கும் மெயில் திறக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போகும். அப்புறம்தான் ங்வேசவுங் பீச் பக்கம் 2016, 2017 வாக்குல சீ-மீ-வி 5, ஏஏஇ-1 னு ரெண்டு புது கேபிள் வந்துச்சு, தரை வழியா தாய்லாந்து பக்கமும் சீனா பக்கமும் ஃபைபர் (அதே கண்ணாடி இழை கேபிள்) இருக்கு. வழி கூடக் கூட ரெண்டு நடக்கும், ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு, ரெண்டாவது வெளிநாட்டு டேட்டா விலை இறங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவுல பெரும்பாலான நாட்டுக்கு 2009 வரைக்கும் கேபிளே கிடையாது, கென்யாவெல்லாம் முழுக்க சாட்டிலைட்ட நம்பித்தான் இருந்துச்சு, சீகாம் கேபிள் வந்த பிறகுதான் அங்க கதையே மாறுச்சு.

சாட்டிலைட்டப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா கேப்பீங்க. பழைய வகை சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்கும், வெளிச்சமே ஆனாலும் மேல போயி கீழ வந்து, பதில் மறுபடி மேல போயி கீழ வர அரை செகண்ட் ஆயிரும், போன் பேசுனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஹலோ ஹலோன்னு மோதிக்குவாங்க. இப்ப வர்ற ஸ்டார்லிங்க் மாதிரி வகை 500 கிலோமீட்டர் வாக்குல சுத்துது, அதனால அந்தத் தொல்லை இல்ல. ஆனா டிஷ்ஷுக்கும் மாசக் கட்டணத்துக்கும் ஆகுற காசு ஒரு கிராமத்துக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, அத விட்டுருவோம்.

கரையேறுன நெட்டு நாட்டுக்குள்ள ஓடணும், அதுக்கு ரோடு ஓரமா, ரயில் பாதை ஓரமா ஃபைபர் பதிப்பாங்க. ரங்கூன், நேப்பியிடோ, மண்டலே வரைக்கும் சமதரை, அது சுலபம். சின் மலை, கச்சின் மலைப் பக்கமெல்லாம் மழைக்காலத்துல ரோடே சரிஞ்சு போகுது, அதுல ஃபைபர் எங்க நிக்கும். இந்த நடுப்பகுதியப் பத்தி யாரும் பேசவே மாட்டாங்க, திறப்பு விழா கிடையாது, போட்டோ கிடையாது, ஆனா வளர்ற நாடுங்கள்ல பாதி எடத்துல நெட்டு சிக்கிக்கிட்டு நிக்கிறது இங்கதான். கடற்கரைல அம்பாரமா டேட்டா இருக்கும், 300 கிலோமீட்டர் உள்ள போனா சொட்டு சொட்டா வரும்.

கடைசித் துண்டு, அதாவது ஊருக்குள்ள வந்த லைன் வீட்டுக்கு வர்றது. பணக்கார நாடுங்கள்ல ரொம்ப காலமா வீட்டுக்கு வீடு டெலிபோன் கம்பி இருந்துச்சு, செம்புக் கம்பி, அது வழியாவே டயல்அப்பையும் அப்புறம் ஏடிஎஸ்எல்லையும் (அதே கம்பில வேகமா ஓடுற நெட்டு) விட்டாங்க, புதுசா ரோடத் தோண்டல. நமக்கு அந்தக் கம்பி எங்க இருந்துச்சு? 2014 ஜனத்தொகைக் கணக்கெடுப்புல பாத்தா இங்க 100 வீட்டுக்கு 5 வீட்ல கூட லேண்ட்லைன் கிடையாது. அந்தக் காலத்துல ரங்கூன்ல பிளாட்பாரத்துல ஒரு சின்ன மேசை, அது மேல ரெண்டு மூணு டெலிபோன், பக்கத்துல ஒரு அக்கா கைல கடிகாரத்த வச்சுக்கிட்டு நிமிஷக் கணக்கு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும், குடை ஒண்ணு விரிச்சு வச்சிருக்கும் வெயிலுக்கு. அதான் எங்களுக்கு டெலிபோன் வசதி. வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கணும்னா ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் செலவு, அதுவே ஒரு டவர் வச்சா சுத்து வட்டாரத்துல சில கிலோமீட்டருக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே செலவு. அதனாலதான் ஆப்பிரிக்காவுலயும் இந்தியாவுலயும் இங்கயும் ஜனங்களுக்கு நெட்டுன்னாலே போன் தான். கம்ப்யூட்டரே தொடாம நேரா போனுக்கு வந்தவங்க நாம. 2014 கணக்குல 100 வீட்ல 3, 4 வீட்ல தான் கம்ப்யூட்டர், ஆனா 33 வீட்ல செல்போன் வந்திருச்சு, அதுவும் சிம் விலை விழுறதுக்கு முன்னாடியே எடுத்த கணக்கு.

டவர் எப்படி வேலை செய்யுதுன்னா, அது ரேடியோ மாதிரி, ஆனா ரெண்டு பக்கமும் பேசுற ரேடியோ. டவர்ல மத்தளம் மாதிரி வட்டமா ஒண்ணு மாட்டியிருக்கும் பாத்திருக்கீங்களா, அது உங்க போனுக்கு இல்ல, அது அடுத்த டவரோட பேசுறதுக்கு, அப்படியே டவர் டவரா கைமாத்தி ஏதோ ஒரு இடத்துல ஃபைபர்ல போய் இறங்கும். இதுல முக்கியமா ஒண்ணு, டவரோட கொள்ளளவு எல்லாருக்கும் பொது. எங்க ஊர் கோயில் தீமிதில பாருங்க, சுத்துப்பட்டு கிராமத்து ஜனம் பூரா வந்து நிக்கும், அத்தனை பேரும் ஒரே நேரத்துல லைவ் போடப் பாப்பாங்க, போன்ல சிக்னல் முழுசாக் காட்டும் ஆனா ஒரு போட்டோ கூடப் போகாது. சிக்னல் கோடுங்கிறது டவர் எவ்வளவு நல்லாக் கேக்குதுன்னு மட்டும் தான் சொல்லும், பந்தில இலை காலியா இருக்கான்னு சொல்லாது.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் மெஷின் சமாச்சாரம். ஆனா பர்மாவுல நெட்டு வராம இருந்ததுக்குக் காரணம் மெஷின் இல்லங்க. விலை. ஒரு சிம் கார்டு 15 லட்சம் கியாட் (எங்க பர்மா காசு) வித்த காலம் உண்டு, 2000கள்ல வெளி மார்க்கெட்ல ஆயிரம் ரெண்டாயிரம் டாலருக்கு மேல போச்சு. தம்பி இத நம்பவே மாட்டான். சிம்முங்கிறது விரல் நகம் அளவு பிளாஸ்டிக், அத செய்யுறதுக்கு ஆகுற செலவு டீக்காசு. அப்புறம் ஏன் அந்த விலை? நாட்டுல ஒரே ஒரு கம்பெனி, அதுவும் அரசாங்கத்துது, எம்பிடி. டவர் கம்மி, எண்ணு கம்மி, எல்லாருக்கும் குடுத்தா நெட்வொர்க் தாங்காது, அப்ப யாருக்குக் குடுக்கிறதுன்னு விலைய வச்சே வடிகட்டுறது, அதான் நடந்துச்சு. சிம் அப்போ சொத்து மாதிரி, வாடகைக்கு விடுவாங்க, அடகு வைப்பாங்க. எங்க தெருவுல நகைக்கடைக்காரர் ஒருத்தர் கிட்ட தான் இருந்துச்சு, மேசை மேல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி போன வச்சிருப்பார், மெட்ராஸ்ல இருந்து சாவுச் செய்தி வந்தா கூட அவர் கடைப் பையன் ஓடி வந்து சொல்லுவான். எங்கப்பா ஒரு புரோக்கர் கிட்ட சிம்முக்குன்னு முன்பணம் குடுத்து அந்த ஆளு காணாமப் போனது தனிக்கதை.

2010-ல 100 பேருக்கு ஒரு போன் கணக்குத்தான் இங்க இருந்துச்சு, உலகத்துலயே கடைசி வரிசை, வட கொரியா பக்கத்துல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு, 5 லட்சம், 2 லட்சம்னு. 2013 ஏப்ரல்ல 1,500 கியாட் சிம்ம குலுக்கல்ல குடுத்தாங்க, ஆமாங்க லாட்டரி தான், வார்டு ஆபீஸ்ல பேர் குடுத்துட்டு சாமி கும்பிடணும். விழுந்தவங்க அன்னிக்கே பத்து மடங்கு, அதுக்கு மேல எல்லாம் வித்தாங்க. அதே வருஷம் ஜூன்ல ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனிய லைசென்ஸுக்குத் தேர்ந்தெடுத்தாங்க, நார்வேயோட டெலிநார், கத்தாரோட உரீடூ. அஞ்சு வருஷத்துக்குள்ள இத்தனை சதவீத ஜனங்களுக்கு எட்டணும்னு நிபந்தனையோட. 2014 ஆகஸ்ட்ல உரீடூ, செப்டம்பர் கடைசில டெலிநார், சிம் விலை 1,500 கியாட். போட்டி வந்ததும் எம்பிடியும் ஜப்பான் கம்பெனிகளச் சேத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சுது. 2018-ல நாலாவதா மைடெல். 2013-ல நூத்துக்கு 13 கிட்ட இருந்த போன் கணக்கு 2015-லயே 70-ஐத் தாண்டிருச்சு. கேபிள் அதே கேபிள், மலை அதே மலை, ரெண்டு வருஷத்துல முக்கியமா மாறுனது கடைல எத்தனை பேர் விக்கலாம்ங்கிறது தான்.

(கணக்கு பாக்கும்போது ஒண்ணு கவனிக்கணும், இது சிம் கணக்கு, ஆள் கணக்கு இல்ல. இங்க ஒவ்வொருத்தரும் ரெண்டு சிம் வச்சிருக்கோம், ஒண்ணுல லைன் போனா இன்னொண்ணு. நூத்துக்கு நூறுன்னு புள்ளிவிவரம் வந்தா எல்லார் கைலயும் போன் இருக்குன்னு நெனச்சிராதீங்க.)

லேட்டா வந்ததுல ஒரு லாபமும் இருந்துச்சு. இந்தியாவுல ஜனங்க பட்டன் போன வச்சு 2ஜில பத்து வருஷத்துக்கு மேல ஓட்டுனாங்க, 2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகுதான் டேட்டா மலிஞ்சுச்சு. எங்களுக்கு சிம் வந்த நேரத்துல சீனா ஆண்ட்ராய்டு போன் மூட்டை மூட்டையா எல்லை தாண்டி வந்துக்கிட்டு இருந்துச்சு, அதனால பெரும்பாலானவங்களுக்கு முதல் போனே டச் போன் தான், முதல் நெட்டே 3ஜி தான். அதனால தம்பி கேட்டதுக்கு, உங்களுக்குப் பின்னாடி வந்தோம், ஆனா ஒரு கட்டத்துல பக்கத்துல வந்து ஓடுனோம். ஆப்பிரிக்காவுலயும் இதே தவ்வல் நடந்துச்சு, கென்யாவுல பேங்க் கணக்கு இல்லாத ஜனம் 2007-ல எம்-பெசா வந்ததும் நேரா போன்லயே பணம் அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. இங்க வேவ் மணி, கேபிஇசட்பே எல்லாம் அதே வழிதான்.

விலை கட்டுப்படியாகுதான்னு பாக்க ஐநா பிராட்பேண்ட் கமிஷன் ஒரு அளவு வச்சிருக்கு, ஒரு சராசரி ஆளோட மாச வருமானத்துல 2 சதவீதத்துக்குள்ள அடிப்படை டேட்டா கிடைக்கணும்னு. மாசம் 2 லட்சம் கியாட் வருதுன்னா 4,000-த்துக்குள்ள. நல்ல அளவுதான், ஆனா சராசரிங்கிறது ஏமாத்தும், கம்பெனி முதலாளியும் மூட்டை தூக்குறவரும் சேர்ந்தது தானே சராசரி. மூட்டை தூக்குறவர் தினமும் 500, 1,000 கியாட்டுக்குத்தான் பில் போடுவார் (இங்க டாப்அப் பண்றதுக்குப் பேரு பில் போடுறது), அப்படிச் சில்லறையா வாங்குனா ஒரு மெகாபைட்டுக்கு அவர் குடுக்கிற விலை தான் ஜாஸ்தி. அரிசிய மூட்டையா வாங்குறவனுக்கு ஒரு விலை, படிக்கணக்குல வாங்குறவனுக்கு ஒரு விலைங்கிற மாதிரி.

அடுத்தது இதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. உலகத்துல 2025 கணக்குப்படி இன்னும் 220 கோடிப் பேர் நெட்டுல இல்ல. கேட்ட உடனே என்ன தோணும், டவர் இல்லாத காடு மலைல இருக்கிறாங்க போலன்னு. இல்ல. டவரே எட்டாத இடத்துல இருக்கிறவங்க உலக ஜனத்தொகைல 4, 5 சதவீதம் தான். சிக்னல் தலைக்கு மேல இருந்தும் மொபைல் நெட்டு பயன்படுத்தாதவங்க 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதுதான் பெரிய கூட்டம். போன் வாங்கக் காசில்லாம, படிக்கத் தெரியாம, தனக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாம, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போன்னு வீட்ல விடாம.

எங்க பெரியம்மா அந்தக் கூட்டத்துல தான் இருந்துச்சு. தட்டோன் பக்கம் கிராமம், வீட்டுல இருந்து பாத்தா டவர் தெரியும், பையன் போன் வாங்கிக் குடுத்தும் மூணு வருஷம் அலமாரில தான் கிடந்துச்சு. 1960கள்ல தனியார் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ தமிழ்ப் பள்ளிக்கூடமும் போச்சு, அதுக்கப்புறம் பொறந்தவங்க முக்கால்வாசிப் பேர் தமிழ் நல்லாப் பேசுவாங்க, எழுதப் படிக்கத் தெரியாது, கோயில்ல ஞாயித்துக்கிழமை வகுப்பு நடந்த ஊர்ல மட்டும் கொஞ்சம் தப்பிச்சாங்க. பெரியம்மாவுக்குப் பர்மிய எழுத்தும் அரைகுறை. அப்ப போன்ல எத அமுக்கும்? வைபர்ங்கிற மெசேஜ் ஆப்ல மைக்க அமுக்கிப் பேசலாம்னு பேத்தி காட்டுன அன்னிக்குத்தான் நெட்டு வந்துச்சு அதுக்கு. இப்ப வியாசர்பாடிக்கு ரெண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ்ல ஊர்ச் சண்டை பூரா போகுது. அரசாங்கக் கணக்குல அந்தக் கிராமம் பல வருஷம் முன்னாடியே நெட்டு எட்டுன கிராமம்.

எழுத்துன்னதும் இன்னொண்ணு. பாமினி எழுத்துல டைப் பண்ணுன ஃபைல் வேற கம்ப்யூட்டர்ல திறந்தா குப்பையா வருமே, எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை, யூனிகோடு, வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல நாம பட்ட பாடு. இங்க அது நாடு முழுக்க நடந்துச்சு. ஸோஜின்னு ஒரு பர்மிய எழுத்துரு, பாக்க யூனிகோடு மாதிரியே இருக்கும், உள்ள எண்ணு எல்லாம் வேற, எல்லா போன்லயும் அதான் பரவிருச்சு. யூனிகோடு போன் வச்சிருக்கிறவனுக்கு ஸோஜி மெசேஜ் கட்டம் கட்டமா வரும், தேடுனா கிடைக்காது, மெஷினால மொழிபெயர்க்க முடியாது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதில இருந்து நாடே யூனிகோடுக்கு மாறணும்னு அரசாங்கம் நாள் குறிச்சு மாத்துனாங்க. வேகம், விலை எல்லாம் சரியா இருந்தும் எழுத்து தகராறு பண்ணுனா நெட்டு பாதிதான்.

அப்புறம் ஃபேஸ்புக். போன் கடைல போன் வாங்கும்போதே அவங்களே ஒரு கணக்குத் திறந்து, ஆப்பெல்லாம் ஏத்திக் குடுத்துருவாங்க, பாஸ்வேர்டு கூட வாங்குனவருக்குத் தெரியாது. அதனால ரொம்பப் பேருக்கு நெட்டுன்னா ஃபேஸ்புக், ஃபேஸ்புக்னா நெட்டு. 2016-ல காசில்லாம ஃபேஸ்புக் பாக்குற ஃப்ரீ பேசிக்ஸும் வந்துச்சு. பத்து வருஷத்துல மெதுவா பழக வேண்டியத ரெண்டு வருஷத்துல வாங்கிக்கிட்டோம், எது செய்தி எது புரளின்னு பிரிக்கத் தெரியாம. அதுல என்ன விளைஞ்சுதுன்னு ஐநா அறிக்கை எழுதியிருக்கு, வன்முறையத் தூண்ட எங்க தளம் பயன்பட்டத தடுக்க நாங்க போதுமானது செய்யலன்னு ஃபேஸ்புக்கே 2018 நவம்பர்ல ஒத்துக்கிச்சு. அதுக்கு மேல நான் எழுதல.

வந்தது திரும்பவும் போகும்ங்கிறதையும் சொல்லணும். வளர்ச்சின்னு போடுற வரைபடம் எல்லாம் மேல ஏறுற கோடாத்தான் இருக்கும், எங்க கோடு அப்படி இல்ல. 2007 செப்டம்பர்ல புத்த சாமியார்கள் அரசாங்கத்த எதிர்த்து ஊர்வலம் போனப்போ மொத்த நெட்டையும் நிறுத்துனாங்க, அப்ப நாட்டுல நெட்டு குடுக்கிறவங்களே ரெண்டு பேர் தான், நிறுத்துறது சுலபம். 2019 ஜூன்ல இருந்து ராக்கைன்ல, சின் பக்கம் மொபைல் நெட்டு ரொம்ப நாள் இல்ல. 2021 பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியப் பிடிச்ச அன்னிக்கு, காலைல எந்திரிச்சா போன்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு சிம்முலயும். அப்புறம் வந்துச்சு, ராத்திரி ஒரு மணில இருந்து காலைல ஒம்பது மணி வரைக்கும் கிடையாதுன்னாங்க, மார்ச் நடுவுல மொபைல் டேட்டாவையே நிறுத்துனாங்க. ஃபைபர் இருக்கிற வீட்ல மட்டும் ஓடுச்சு, ஃபைபர் எத்தனை வீட்ல இருக்கு, ரங்கூன் மண்டலேல வசதியான வீட்ல. போன நம்பித் தவ்வுன நாட்டுக்கு இதான் பலவீனம், எல்லாரும் ஏறுனது ஒரே படகு. எங்க மாடி வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா வைஃபை பாஸ்வேர்ட சீட்டுல எழுதிப் போட்டாங்க, படிக்கட்டுல வரிசையா உக்காந்து சிங்கப்பூருக்கு மெசேஜ் போட்டோம், பழைய கடை ஞாபகம் வந்துச்சு.

2022-ல புது சிம்முக்கு 20,000 கியாட் வரின்னு போட்டாங்க. 1,500 கியாட் சிம்முக்கு 20,000 வரி. டெலிநார் அந்த வருஷம் மார்ச்சுல வித்துட்டுப் போயிருச்சு, இப்ப அதோட பேரு ஆட்டம் (ATOM), உரீடூவும் 2024-ல கைமாறிப் போச்சு.

கடைசியா கரண்டு, இதச் சொல்லாம விட்டா இங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. 2014-ல இந்த நாட்டுல மூணுல ஒரு வீட்ல தான் கரண்டு விளக்கு. டவரெல்லாம் டீசல்ல ஓடும், இல்லன்னா சோலார் பலகை. டீசல் விலை ஏறுனா, லாரி வர்ற ரோடு அடைச்சா, டவர் தூங்கிரும், டவர் தூங்குனா அத நம்பி இருக்கிற அடுத்த டவரும் தூங்கும். ரங்கூன்லயே நாலு மணி நேரம் இருந்தா நாலு மணி நேரம் மீ பியெட், கரண்டு கட். வைஃபை டப்பாவுக்குன்னு தனியா சின்ன பேட்டரி வாங்கி வச்சிருக்கோம், அது மூணு மணி நேரம் தாங்கும், நாலாவது மணி நேரத்துல தான் வியாசர்பாடி தம்பி எப்பவும் கூப்பிடுவான். பெரியம்மா ஊர்ல கரண்டு கம்பியே இன்னும் வரல, கூரை மேல ஒரு சோலார் பலகை, அதுல ஒரு லாரி பேட்டரி, அதுல ரெண்டு பல்பு, ஒரு சார்ஜர். மழைக்காலத்துல வெயில் இல்லன்னா ரெண்டு பல்பையும் அணைச்சுட்டு போனுக்கு மட்டும் சார்ஜ் போட்டுக்கிட்டு இருட்டுல உக்காந்து பேசும், அந்த மெசேஜ்ல எல்லாம் பின்னாடி தவளைச் சத்தம் கேக்கும்.